அந்தக் குழந்தையின் தலையை எதற்குப் படம் பிடித்தீர்கள்?

சென்னையிலிருந்து ஒரு சபைக் குடும்பம் ஜார்க்கண்டின் ராஜ்மஹால் மலைக்குப் போய், அங்கே இருக்கும் மால்டோ பழங்குடி மக்களைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறது. அந்த வீடியோவை இன்னும் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். வந்துவிட்டது, பலமுறை வந்துவிட்டது. "உங்க அப்பா ஊழியம் செஞ்ச ஏரியாதானே, பாத்தியா, என்ன அருமையான குடும்பம்" என்று கூடவே ஒரு வரி. முழுதாகப் பார்த்தேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

நல்ல குடும்பம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. லீவுக்குக் கொடைக்கானல் போகாமல் ஹவுரா வரை ரயில், அப்புறம் பர்ஹர்வா, அப்புறம் ஜீப், அதற்குமேல் நடை என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராஜ்மஹால் மலை ஏறியிருக்கிறார்கள். எல்லோரும் இதைச் செய்ய மாட்டார்கள். ஆனால் அந்தச் சின்னப் பெண்ணின் தலையில் பேன் ஓடுவதைக் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்க் காட்ட வேண்டிய அவசியம் என்ன? உங்கள் மகள் அவளுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறாள். அந்தக் குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய அம்மா சுவரோரமாக நிற்பது ஓரத்தில் தெரிகிறது. அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குப் பேன் வந்ததே இல்லையா? வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு மருந்து போடுவோம். பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று பார்ப்போம். மால்டோ குழந்தை என்றால் மட்டும் ஞாயிறு ஆராதனையில் பெரிய திரையில் போட்டுக் காட்டலாமா?

நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். நீங்கள் அடுத்தவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனீர்கள். விருந்தாளி வீட்டுக்காரரின் குறையைப் படம் எடுத்துக்கொண்டு வரமாட்டான். சோறு போட்ட வீட்டைப் பற்றி வெளியே வந்து "அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, ஒண்ணுமே இல்லை" என்று சாட்சி சொல்ல மாட்டான்.

ஒன்றும் தெரியாதவர்களா அவர்கள்? 1780-களில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அகஸ்டஸ் கிளீவ்லாந்து இந்த மலைத் தலைவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத்தான் சமாதானம் செய்ய முடிந்தது. அவ்வளவு சுலபத்தில் அடங்காத ஜனம். 1832-ல் கம்பெனி அந்த மலைப்பகுதியைத் தாமின்-இ-கோ என்ற பெயரில் அரசு நிலமாக எல்லை போட்டது, அடிவாரம் அவர்கள் கைவிட்டுப் போனது. இப்போது மலையையே கல்குவாரிக்காரர்கள் உடைத்து லாரியில் ஏற்றுகிறார்கள். மேலே விளைகிற காராமணியை அறுப்பதற்கு முன்பே கடனுக்காக வட்டிக்கு விடும் மகாஜனிடம் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கிற குடும்பங்களை நான் சிறு வயதிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஏன் இல்லை என்பதற்கு இத்தனை காரணம் இருக்கிறது. வீடியோவில் அதில் ஒன்றாவது இருக்கிறதா? "இருளில் இருக்கும் ஜனங்கள்" என்று எழுத்து மட்டும் ஓடுகிறது.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அப்பா அந்த மலையில் இருந்தபோது நானும் தம்பியும் தமிழ்நாட்டில் ஹாஸ்டலில் படித்தோம். மே மாதம்தான் வீடு. அந்த மே மாதத்தில்தான் ஊழியத்துக்குப் பணம் அனுப்பித் தாங்குகிறவர்களும் பணித்தளம் பார்க்க வருவார்கள். அம்மாவோடு இருக்கக் கிடைப்பதே அந்த லீவுதான், அம்மா அடுப்படியை விட்டு வெளியே வர முடியாது. அது போகட்டும். பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார்கள். கீழே ஊற்றில் தண்ணீர் எடுத்துத் தலையில் சுமந்து மேலே ஏறி வருவார்கள். ஒரு தடவை வந்திருந்த ஒருவருக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு, சொம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, தண்ணீர் கொடுத்தார்கள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் ஊற்றினார். பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தார். பாட்டில் தண்ணீர் குடிப்பதில் தப்பில்லை, அங்கே வயிற்றுப்போக்கு வந்தால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அக்காவின் கண் முன்னால் ஊற்றக்கூடாது. காலி சொம்பை வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போனார்கள். அன்று மாலை ஜெபத்தில் அவர்தான் "இந்த ஜனங்களை நேசிக்க எங்களுக்குக் கற்றுக்கொடும்" என்று அழுதார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

வயிறு வீங்கிய பையன் ஒருவனையும் காட்டுகிறீர்கள். "பசியின் கொடுமை" என்று தலைப்பு. அந்த மலையைச் சுற்றியுள்ள சாஹிப்கஞ்ச், பாகூர், கோடா, தும்கா, நாலுமே காலா அசார் என்ற நோய் உள்ள மாவட்டங்கள். மணல் ஈ கடித்து வருவது. நாள்கணக்கில் காய்ச்சல் இருக்கும், மண்ணீரல் வீங்கி வயிறு முன்னே தள்ளும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இரத்தப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். மலேரியா திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படித்தான் வீங்கும். அவனுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று யாராவது கேட்டீர்களா? தலையில் கைவைத்து ஜெபித்தீர்கள், நல்லது, நானும் ஜெபிக்கிறவள்தான். ஜெபித்த கையோடு ஜீப்பில் ஏற்றியிருக்கலாமே. ஜீப் உங்களோடுதானே இறங்கியது?

இப்போது வருவார்கள். "நல்லது செய்தாலும் குறை சொல்லும் கூட்டம்" என்று. நல்லது செய்ததை நான் எங்கே குறை சொன்னேன்? கொண்டுபோன கொசுவலைகளுக்கு நன்றி, மனதாரச் சொல்கிறேன். "எங்க பிள்ளைங்க நிறைய கத்துக்கிட்டாங்க" என்பார்கள். உங்கள் பிள்ளைக்குப் பாடம் கற்பிக்க அந்தப் பிள்ளை எதற்கு நிற்க வேண்டும்? அவ்வளவுதான் அதற்குப் பதில்.

"வீடியோ காட்டினால்தான் காணிக்கை வரும்" என்பது கொஞ்சம் கனமான கேள்வி. உண்மைதான், வரும். என் ஹாஸ்டல் சாப்பாடும் அப்படி வந்த பணத்தில்தான். அதனால்தான் எனக்கு வலிக்கிறது. ஆனால் அப்பா மாதாமாதம் கடிதம் எழுதுவார், யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் கூரை போயிற்று, யார் பையன் எட்டாவது பாஸ் என்று. அதைப் படித்துவிட்டும் கொடுத்தார்கள். சம்பளத்திலிருந்து பத்து ரூபாய், இருபது ரூபாய் அனுப்பிய டீச்சர்கள் யாரும் குழந்தையின் பேனைப் பார்த்துவிட்டுக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் யோசிக்கவில்லை. ஜார்க்கண்டில் 2017-லிருந்து மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. ஆசை காட்டி மதம் மாற்றினார்கள் என்று ஒரு புகார் போதும். சிறுவர், பெண்கள், பழங்குடியினர் சம்பந்தப்பட்டால் 4 ஆண்டு வரை சிறை. சாக்லேட், சட்டை, பிறகு ஜெபம் என்று வரிசையாக வெட்டி ஒட்டிப் பொதுவெளியில் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் சென்னைக்கு வந்துவிட்டீர்கள். அந்த ஊர் ஊழியர், மால்டோ அண்ணன், அங்கேயேதான் இருக்கிறார். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் போகப்போவது அவர். வீடியோ முழுக்க அவருக்கு ஒரு வரி பேச மைக் கொடுக்கவில்லை. அவர் பெட்டி தூக்குவது மட்டும் வருகிறது. (இந்தப் பதிவை எடுத்துக்கொண்டு மத அரசியல் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து விலகிப் போங்கள். இது எங்கள் வீட்டுச் சண்டை.)

1903-ல் திருநெல்வேலியில் நம்மவர்களே இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினார்கள். அதில் முன்னால் நின்ற வெள்ளாளன்விளை அசரியா, 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேராகப் பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையே கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். தானம் கொடுக்கிற கை எவ்வளவு உயரத்திலிருந்து நீளுகிறது என்று அனுபவித்தவர் அவர். அவரைப் பற்றி மிஷனெரி ஞாயிறுதோறும் பெருமை பேசுகிறோம். மலை மேல் ஏறியதும் நாமே அந்த உயரத்தில் போய் நின்றுகொள்கிறோம். மால்டோவும் திராவிட மொழிதான், நமக்குத் தூரத்து உறவு. உறவுக்காரர் வீட்டுக்குப் போய் நடந்துகொள்கிற முறையா இது?

அந்தக் குடும்பத்து அண்ணன் இதைப் படிப்பார் என்று தெரியும். அண்ணே, உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. வீடியோவை எடுத்துவிடுங்கள். சபை குரூப்பில் போனதையும் அழிக்கச் சொல்லுங்கள். ஊழியரண்ணனுக்கு ஒரு போன் போட்டு அந்தப் பையனைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், வண்டிச் செலவு நான் தருகிறேன். அடுத்த குழு போகிறதாமே, கிளம்புவதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள், இப்போது வரலாமா என்று. காராமணி அறுப்பு நடக்கிறது, வேண்டாம் என்று சொன்னால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.