ஃபேரி ரைப்பைச் "சின்னப்பிள்ளையளின்ரை ரைப்" எண்டு ஒதுக்கிறவைக்கு

ரியூசன் முடிஞ்சு சைக்கிளிலை சாய்ஞ்சு நிண்டு போனிலை ஷோடவுன் (பொக்கிமொன் சண்டை விளையாடுற இணையத்தளம்) விளையாடுற பெடியளின்ரை ரீமைப் பாத்தால், ஆறு பொக்கிமொனிலை மூண்டு டிராகன் இருக்கும். கார்ச்சொம்ப், டிராகனைட், ஹைட்ரைகொன். டிராகன், ஃபேரி எண்டதெல்லாம் ரைப், ஒவ்வொரு பொக்கிமொனுக்கும் அது அடிக்கிற ஒவ்வொரு மூவுக்கும் உள்ள இனம், ஆரின்ரை அடி ஆரிலை கூட விழும் எண்டதை அதுதான் தீர்மானிக்கும். ஃபேரி ஒண்டைப் போடச் சொன்னால் "உது றோஸ் கலர், சின்னப்பிள்ளையளுக்கு" எண்டு சொல்லுவினம். பேந்து எதிராளியின்ரை அசுமரில் எண்ட ஃபேரி ஒண்டு வந்து மூண்டையும் விழுத்திப்போட்டுப் போகும்.

என்ரை கருத்தை முதலே சொல்லிப்போடுறன். பொக்கிமொன் கேம் தொடரிலை இதுவரை செய்த திருத்தங்களிலை ஃபேரி ரைப் தான் ஆகப் பெரிசும் ஆகச் சரியானதும். ஆனால் டிராகனுக்கு மருந்து எண்டு மட்டும் நினைச்சு அதை ரீமிலை சொருகிறதும் பிழையான விளையாட்டுத்தான்.

2013 ஒக்ரோபர் 12 இலை பொக்கிமொன் எக்ஸ், வை எண்ட கேம் இரண்டும் வெளிவாறதுக்கு முந்தின நிலையை யோசிச்சுப் பாருங்கோ. அப்ப இருந்தது 17 ரைப். அதிலை டிராகன் அடியைப் பாதியாக்கினது ஸ்டீல் ஒண்டுதான். அடியை முழுசா மறிக்க ஒரு ரைப்பும் இல்லை. அவுட்ரேஜ் எண்ட டிராகன் மூவுக்கு பவர் 120. அடிக்கத் தொடங்கினால் இரண்டு மூண்டு முறைக்கு வேறை மூவ் எடுக்கேலாது, முடிவிலை குழப்பமும் பிடிக்கும். இவ்வளவு விலை குடுத்து அடிக்கிற மூவ் எண்டாலும் ஒருத்தரும் யோசிக்கேல்லை, ஏன் எண்டால் எதிர்ப்பக்கத்திலை அதைத் தாங்க வழி கிடையாது. கடைசியாப் புது ரைப் வந்தது 1999 இலை, டார்க்கும் ஸ்டீலும். அதுக்குப் பிறகு 14 வருசம் அட்டவணையிலை புதுசா ஒரு வரியும் சேரேல்லை. பதினெட்டாவதா வந்தது ஃபேரி.

அது செய்த வேலை இதுதான். ஃபேரி அடி டிராகன், டார்க், ஃபைற்றிங் மூண்டுக்கும் இரண்டு மடங்கு. ஃபயர், பொய்சன், ஸ்டீல் மூண்டிலையும் அரைவாசி. வாங்கிற பக்கம் பாத்தால் டிராகன் அடி பூச்சியம், டார்க், ஃபைற்றிங், பக் மூண்டும் அரைவாசி, பொய்சனும் ஸ்டீலும் இரண்டு மடங்கு. ஹைட்ரைகொன் டார்க்கும் டிராகனும் சேர்ந்தது எண்டபடியால் அதுக்கு நாலு மடங்கு. மூன்பிளாஸ்ற் எண்ட ஃபேரி மூவின்ரை பவர் 95. ஃபேரி ஒண்டு அடிச்சால் சொந்த ரைப்புக்குரிய ஒண்டரை மடங்கோடை 142.5. ஹைட்ரைகொனிலை விழேக்கை அது 570.

கனபேர் கவனிக்காத விசயம் ஒண்டு இருக்கு. இந்தத் திருத்தம் டிராகனை இறக்கினதோடை நிக்கேல்லை. அதுக்கு முதல் பொய்சன் அடி இரண்டு மடங்காப் போனது புல் ரைப்புக்கு மட்டும். ஸ்டீல் அடி ஐஸுக்கும் றொக்குக்கும் மட்டும். இரண்டையும் அடிக்கிறதுக்காக ஒருத்தரும் எடுக்கிறதில்லை. ஃபேரி வந்த பிறகுதான் பொய்சன் ஜாப் எண்ட பொய்சன் மூவுக்கும் அயன் ஹெட் எண்ட ஸ்டீல் மூவுக்கும் ஒரு மரியாதை வந்தது. ஒரு ரைப்பைச் சேர்த்து ஒண்டை இறக்கி இரண்டை ஏத்தினது நல்ல கணக்கு. பக் ரைப்புக்குச் செய்ததுதான் எனக்குச் சரியாப் படேல்லை. ஏற்கெனவே ஆறு ரைப் பக் அடியை அரைவாசியாக்கிக்கொண்டிருந்தது, ஃபேரியோடை ஏழு. அந்த ஒரு எதிர்ப்பை விட்டிருந்தால் ஃபேரிக்கு ஒரு நட்டமும் வந்திராது.

இரும்பு ஏன் ஃபேரிக்கு ஆகாது எண்டு கேக்கிற பிள்ளையளுக்கு எங்கடை வீட்டிலையே விளக்கம் இருக்கு. இரவிலை இறைச்சிக்கறி கொண்டு போகேக்கை ஒரு இரும்பாணியோ கரித்துண்டோ போட்டுவிடுவினம், பேய் அண்டாது எண்டு. ஐரோப்பாக் கதையளிலையும் ஃபேரி இரும்பைக் கண்டால் கிட்ட வராது. தமிழிலை "தேவதை" எண்டு சொல்லுறபடியால் வெள்ளை உடுப்பும் செட்டையும் உள்ள சாந்தமான ஒண்டுதான் எங்களுக்கு நினைவுக்கு வருது. அந்தக் கதையளிலை வாறது அப்பிடியில்லை. ஆக்களை வழி மாத்திவிடும், பிள்ளையளைக் களவெடுக்கும், கோவம் வந்தால் குடி கெடுக்கும். கிரிம்ஸ்நார்ல், மிமிக்யு, தன்னிலும் பெரிய சுத்தியலைத் தூக்கிக்கொண்டு திரியிற ரிங்கரொன், எல்லாம் அந்த வழியிலை வந்ததுகள். றோஸ் கலர் எண்டு ஒதுக்கிறவை இந்த மூண்டையும் ஒருக்கால் பாக்கட்டும்.

புது ரைப் வந்தண்டே பழைய பொக்கிமொன் 22 க்கு ரைப் மாறினது. அசுமரில் தண்ணியோடை ஃபேரியும் ஆனது, கார்டெவொயர் சைக்கிக்கோடை ஃபேரி ஆனது, கிளெஃபேபிள் நோர்மலை விட்டு முழு ஃபேரி ஆனது. பழைய கேமிலை பழகின நினைப்போடை அடிக்கிறவை இண்டைக்கும் இதிலை தடக்குப்படுகினம்.

இனி விளையாட்டுக்கு வருவம். கிளித்தட்டிலை கிளி ஆளைத் தொடவே வேண்டாம், கோட்டிலை நிண்டாலே ஓடுறவன் இரண்டு தரம் யோசிப்பான். ஃபேரியின்ரை பெறுமதி முக்கால்வாசி அங்கைதான் இருக்கு. உங்கடை ரீமிலை ஒரு ஃபேரி இருக்கு எண்டு தெரிஞ்சால் எதிராளி டிராகன் மூவைத் துணிஞ்சு அழுத்தமாட்டான். சொய்ஸ் ஸ்கார்ஃப் எண்ட பொருளைக் கட்டின டிராகன் எண்டால் இன்னும் மோசம், முதல் எடுத்த மூவிலேயே பூட்டுப்பட்டுப் போகும். அவன் டிராகன் மூவிலை பூட்டுப்பட்டு நிக்கேக்கை ஃபேரியை இறக்கினால் அடி பூச்சியம், அவன் ஆளை மாத்தியே ஆகவேணும். அவன் மாத்திற அந்த ஒரு முறை உங்களுக்குச் சும்மா கிடைச்சது. அதிலை அவசரப்பட்டு மூன்பிளாஸ்ற் அடிக்காதேங்கோ, வாறது அனேகமா ஸ்டீல் தான். காம் மைண்ட், பெல்லி டிரம் மாதிரிப் பலத்தை ஏத்திற மூவுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

அடிக்கடி நடக்கிற பிழை ஒண்டு. எதிர்ப்பக்கம் கார்ச்சொம்ப் நிக்குது எண்டவுடனை சில்வியொன் எண்ட ஃபேரியைக் கொண்டுவந்து நிப்பாட்டுறது. கார்ச்சொம்பின்ரை ஸ்பீட் 102, சில்வியொன்ரை 60. சில்வியொன்ரை ஸ்பெசல் டிஃபென்ஸ் 130 எண்டாலும் சாதாரண டிஃபென்ஸ் வெறும் 65. கார்ச்சொம்ப் டிராகன் மூவை விட்டு ஏர்த்குவேக் (சாதாரண டிஃபென்சிலை விழுற கிரவுண்ட் மூவ்) அடிச்சால் அதைக் குறைக்க ஃபேரியிட்டை ஒண்டும் இல்லை. இறங்கேக்கை ஒண்டு, அடுத்த முறை அது முந்தி அடிக்கிறது ஒண்டு, இரண்டு அடியை நீங்கள் வாங்கிறியள். பொய்சன் ஜாப்பும் வைச்சிருந்தான் எண்டால் கதை முடிஞ்சுது. டிராகனைட்டும் அயன் ஹெட் படிக்கும், ஹைட்ரைகொனும் ஃபிளாஷ் கனன் படிக்கும். உங்கடை ஒரு ஆள் விழுந்த பிறகு சும்மா இறங்கிற வாய்ப்பிலை, இல்லையெண்டால் டிராகன் மூவிலை பூட்டுப்பட்டதைக் கண்ணாலை கண்ட பிறகு இறக்குங்கோ.

அசுமரிலைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேணும், இதிலை ஒரு சின்னக் கணக்குப் பிழைச்சால் முழு ரீமும் பிழைச்சுப்போகும். அற்றாக் 50 எண்டு பாத்திட்டுக் கனபேர் விட்டுவிடுகினம். ஹியூஜ் பவர் எண்ட அபிலிற்றி (பொக்கிமொனோடை கூடப் பிறந்த குணம்) அதை இரண்டு மடங்காக்கும். லெவல் 50 இலை, அற்றாக்கைக் கூட்டிற அடமன்ற் நேச்சரோடை, அற்றாக்குக்கு 252 ஈவி (EV, பயிற்சிப் புள்ளி) குடுத்தால் 112 வரும். ஹியூஜ் பவரோடை 224. பெல்லி டிரம் அடிச்சால் அது நாலு மடங்காகி 896. பிறகு அக்வா ஜெற் முந்தி அடிக்கும், ஸ்பீட் 50 எண்டது ஒரு குறையாத் தெரியாது.

பெல்லி டிரம் எச்பியிலை (உயிர்ப் புள்ளியிலை) பாதியைத் தின்னும். அதைத் திருப்பி எடுக்கத்தான் கையிலை குடுக்கிற சிற்றஸ் பெரி. எச்பி சரி பாதியோ அதுக்குக் கீழையோ வந்தால்தான் அது வேலை செய்யும். எச்பிக்கு முழு 252 ஈவியும் குடுத்தால் 207 வரும், அது ஒற்றை எண். பெல்லி டிரம் 103 ஐ எடுக்கும், மிச்சம் 104, பாதிக்கு ஒரு மயிரிழை மேலை. பெரி சும்மா கிடக்கும், அடுத்த அடியிலை ஆள் போயிடும். எச்பி 206 எண்டால் 103 போய் 103 மிஞ்சும், பெரி உடனை வேலை செய்து 51 ஐத் திருப்பித் தரும், 154 இலை நிப்பியள். எச்பி ஐவி (IV, பிறவிப் புள்ளி) 31 உள்ள, ஈவி ஒண்டும் ஏறாத அசுமரிலுக்கு எச்பி அப் மருந்து சரியா 25 குடுங்கோ, 206 வரும். 24 எண்டால் 205, 26 எண்டால் 207, இரண்டும் பிழை. ஷோடவுனிலை எண்டால் எச்பி ஈவியை 244 இலை வைக்கலாம், மிச்சத்தை ஸ்பெசல் டிஃபென்சுக்குப் போடலாம். பெல்லி டிரம் முட்டை மூவ் (பரம்பரையா வாற மூவ்). ஸ்கார்லெற், வயலெற் கேமுகளிலை எண்டால் அசுமரிலின்ரை கையிலை மிரர் ஹேர்ப் எண்ட பொருளைக் குடுத்து, ஒரு மூவ் இடத்தை வெறுமையா விட்டு, அந்த மூவ் தெரிஞ்ச இன்னொரு பொக்கிமொனோடை பிக்னிக் வைச்சால் பழகும். இடம் வெறுமையா இல்லாட்டில் ஒண்டும் நடக்காது.

சில்வியொனுக்கு வருவம். புதுக் கேமுகளிலை ஈவி (Eevee, மேலை சொன்ன புள்ளியில்லை, ஒரு பொக்கிமொன்) ஒரு ஃபேரி மூவ் தெரிஞ்சுகொண்டு, நட்பும் கூடின நிலையிலை லெவல் ஏறினால் சில்வியொன் ஆகும். பேபி டோல் ஐஸ் எண்ட ஃபேரி மூவ் லெவல் 15 இலை வரும், அது காணும். அதைப் பலமில்லாத மூவ் எண்டு அழிச்சுப்போட்டு லெவல் ஏத்தினால் பகலிலை எஸ்பியொன், இரவிலை அம்பிரியொன், திருப்பேலாது. லெவல் ஏத்த முதல் மூவ் பட்டியலை ஒருக்கால் திறந்து பாருங்கோ.

அதைவிடப் பெரிய பிழை அபிலிற்றியிலை. சில்வியொனுக்குச் சாதாரணமா வாறது கியூற் சார்ம், எங்களுக்கு வேண்டியது பிக்சிலேற். அது மறை அபிலிற்றி. அபிலிற்றி கப்சியூல் குடுத்து மாத்தேலாது, அபிலிற்றி பாச் தான் வேணும். இரண்டையும் ஒண்டு எண்டு நினைச்சு கப்சியூலுக்குக் காசு கரைக்கிற ஆக்கள் கனபேர். பிக்சிலேற் இருந்தால் நோர்மல் மூவ் எல்லாம் ஃபேரியாகி 1.2 மடங்காகும் (எக்ஸ், வை காலத்திலை 1.3). ஹைப்பர் வொய்ஸ் 90, அதோடை 1.2, அதோடை 1.5, மொத்தம் 162. மூன்பிளாஸ்ற்றின்ரை 142.5 ஐ விடக் கூட. சப்ஸ்ரிரியூற் எண்ட பொம்மை மறைப்பையும் ஊடுருவிப் போகும். இரட்டைச் சண்டையிலை இரண்டு பேரிலையும் விழும், ஆனால் ஒவ்வொருத்தரிலையும் முக்கால்வாசிதான்.

ஃபேரியைத் தனிய விடாதேங்கோ. அடுப்புக்கு மூண்டு கல்லு வேணும். ஃபேரி, ஸ்டீல், டிராகன் மூண்டும் ஒண்டை ஒண்டு தாங்கும். கிளெஃபேபிள், ஹீற்றரன் (ஃபயரும் ஸ்டீலும்), டிராகனைட் எண்டு எடுத்துக்கொள்ளுங்கோ. கிளெஃபேபிளுக்கு ஆகாதது பொய்சனும் ஸ்டீலும். ஹீற்றரனுக்குப் பொய்சன் பூச்சியம், ஸ்டீல் கால்வாசி. ஹீற்றரனுக்கு ஆகாத ஃபைற்றிங்கைக் கிளெஃபேபிள் வாங்கும், நாலு மடங்கா விழுற கிரவுண்டை டிராகனைட் பறந்து தப்பும், தண்ணியையும் அதுவே குறைக்கும். டிராகனைட்டுக்கு ஆகாத ஐஸ், டிராகன், ஃபேரி மூண்டையும் ஹீற்றரன் தாங்கும். டிராகனைட்டிலை விழுற றொக் ஒண்டுதான் ஓட்டை, மிச்ச மூண்டு பேரை எடுக்கேக்கை அதைப் பாருங்கோ. டிராகனை விரும்புறவை டிராகனை விடவேண்டியதில்லை, மூண்டை ஒண்டாக்கினால் காணும்.

எதிராளியிட்டையும் ஹீற்றரன் இருக்கலாம் எண்டதை மறக்காதேங்கோ. ஃபேரி அடி அதிலை கால்வாசிதான் ஏறும். ஸ்கார்லெற், வயலெற்றிலை ரெரா (சண்டையிலை ஒருக்கால் ரைப்பை மாத்திற வசதி) வேறை இருக்கு. மெடாலி எண்ட ஊரிலை இருக்கிற ட்ரெஷர் ஈற்றரியிலை ரெரா ஷார்ட் 50 குடுத்தால் ஆரும் ஸ்டீல் ரெரா எடுக்கலாம். டிராகனைட் எண்டு நம்பி மூன்பிளாஸ்ற் அடிக்க அது ஸ்டீலாகி நிக்கும். அவன் ரெராவைப் பாவிச்சு முடிக்குமட்டும் உங்கடை ஃபேரி அடியை முடிவான அடியாக் கணக்குப் போடாதேங்கோ.

கேம் செய்யிறவையிலை எனக்கிருக்கிற மனக்குறை பிறகு வந்ததுகளைப் பற்றினது. ஃபேரியைக் கட்டுப்படுத்தத்தான் பொய்சனையும் ஸ்டீலையும் வைச்சினம். பேந்து இரண்டாவது ரைப்பைக் குடுத்து அந்தக் கடிவாளத்தைத் தாங்களே அவிட்டுவிட்டினம். முடி சூடின ஸாசியன் ஃபேரியும் ஸ்டீலும், பொய்சன் பூச்சியம். ஃபிளட்டர் மேன் கோஸ்ற்றும் ஃபேரியும், பொய்சன் சாதாரண அடியாப் போச்சு. அதோடை ஸ்பெசல் அற்றாக், ஸ்பெசல் டிஃபென்ஸ், ஸ்பீட் மூண்டும் 135. விம்சிகொட்டைப் பாருங்கோ, ஸ்பீட் 116, பிராங்ஸ்ரர் அபிலிற்றியோடை, ரீமின்ரை ஸ்பீட்டைக் கூட்டிற ரெயில்விண்ட் முந்தி விழும், ஆனால் புல்லோடை சேர்ந்தபடியால் பொய்சன் நாலு மடங்கு. பலம் குடுக்கேக்கை விலையும் வைச்சிருக்கினம். அப்பிடித்தான் இந்த ரைப்பைச் செய்யவேணும்.

போக்கிமொன் கோ விளையாடுறவைக்கு ஒரு வரி: அங்கை பூச்சியம் எண்டு ஒண்டு இல்லை, டிராகன் அடி ஃபேரியிலை 0.39 மடங்கா விழும். ஈவியை நண்பனாக்கி 70 இதயம் சேர்த்தால் சில்வியொன்.

வீட்டிலை தங்கச்சி ஒருத்தி வடிவு எண்டு சில்வியொன் வளர்க்கிறாள் எண்டால் பக்கத்திலை இருந்து அதின்ரை அபிலிற்றியைத் திறந்து பாருங்கோ. கியூற் சார்ம் எண்டு இருந்தால் ஸ்கார்லெற், வயலெற்றிலை ஆறு நட்சத்திர ரெய்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அபிலிற்றி பாச் அங்கை விழலாம்.