மூன்று மாதங்களுக்குள் காய்ச்சல் வந்ததா?

என் சித்தப்பா மகனுக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மார்த்தாண்டம் பக்கம் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமானாலும் பால்காய்ப்பானாலும், "மக்களே, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்ற கேள்வி அவன் மனைவியிடம்தான் கேட்கப்பட்டது. ஒன்றரை ஆண்டுக் காலம் அவள் மட்டுமே மாத்திரையும் ஸ்கேனுமாக அலைந்தாள். கடைசியில் அவன் விந்துப் பரிசோதனைக்குச் சம்மதித்தபோது, அணுக்களின் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 60 லட்சம் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு தரும் கீழ்வரம்பு 1 கோடியே 60 லட்சம். அந்த ஒரே தாளை வைத்துக்கொண்டு, இனி ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு ஒன்றுதான் வழி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தச் செலவுக்காக வீட்டில் 40 சென்ட் ரப்பர் விளையை விற்கும் பேச்சும் தொடங்கிவிட்டது. பரிசோதனைக்கு ஐந்து வாரங்களுக்கு முன்பு அவன் நான்கு நாட்கள் கடும் காய்ச்சலில் கிடந்தான். அதை யாரும் கேட்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று தெரியாததால் அவனும் சொல்லவில்லை.

தொடர்பு இருக்கிறது. விந்தணுக்கள் சரிவர உருவாக, விதைகள் உடலின் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் அவை உடலுக்கு வெளியே பையில் இருக்கின்றன. ஃபுளூவோ கொரோனாவோ 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சலைக் கொண்டுவரும்போது இந்த ஏற்பாடு குலைகிறது. எண்ணிக்கையும் நகரும் வேகமும் குறைகின்றன, அணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வும் சேதமடையலாம். ஒரு விந்தணு உருவாவதற்கு ஏறத்தாழ 74 நாட்களும், அது முதிர்ந்து வெளிவர மேலும் சில நாட்களும் ஆகின்றன. ஆகவே காய்ச்சல் விட்ட மறுநாள் தெரியாத பாதிப்பு, ஒன்றிரண்டு மாதம் கழித்து, உடம்பு முழுவதும் தேறிவிட்டதாக நாம் நினைக்கும் நேரத்தில், அறிக்கையில் வந்து நிற்கிறது. பெரும்பாலோருக்கு மூன்று மாதங்களையொட்டி இது தானாகவே சரியாகிவிடுகிறது. மூன்றரை மாதம் கழித்து என் தம்பி எடுத்த இரண்டாம் பரிசோதனையில் 3 கோடியே 80 லட்சம் இருந்தது.

கொரோனா வைரஸ் உயிரணுவுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏ.சி.இ.2 என்ற புரதம் விதைகளிலும் உண்டு. கடுமையாக நோயுற்ற ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆனால் விந்துவில் அந்த வைரஸ் மிக அரிதாகவே காணப்பட்டது. காய்ச்சலும் அழற்சியுமே முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. இதை அழுத்திச் சொல்லக் காரணம், 2021இல் நம் ஊர்களில் பலர் நோய்க்கு அஞ்சாமல் தடுப்பூசிக்கு அஞ்சினார்கள் என்பதுதான். அதே ஆண்டு அமெரிக்காவின் மயாமியில் 45 ஆண்களிடம் எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனா தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் செய்த ஆய்வில் விந்தணு அளவுகள் குறையவில்லை.

ஆகவே குழந்தையின்மைக்காக வரும் தம்பதியரில் ஆணையும் முதல் நாளிலேயே பரிசோதிக்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு நிரப்பும் படிவத்தின் முதல் கேள்வியாக, கடந்த மூன்று மாதங்களுக்குள் காய்ச்சல் வந்ததா என்பது இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதித் தம்பதியரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது என்று தெரிந்த பிறகும், பெண்ணை மட்டும் அலையவிடுவது அநியாயம். முதல் அறிக்கை குறைவாக வந்தால், காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதங்கள் கழித்து, இரண்டு முதல் ஏழு நாட்கள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு முறையாக மறுபடியும் எடுக்க வேண்டும். அதற்குள் பயந்துபோய் யாரோ சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தாலோ, அணுக்களே இல்லை என்று அறிக்கை வந்தாலோ, காத்திருக்காமல் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

தானாகச் சரியாகாத பாதிப்பும் உண்டு. கன்னம் வீங்கும் பொன்னுக்கு வீங்கி (மம்ப்ஸ்), கேரள எல்லை தாண்டினால் முண்டிநீர், இதுவும் இருமல், தும்மல் வழியாகப் பரவும் வைரஸ்தான். பருவமெய்திய பிறகு, தடுப்பூசி இல்லாமல் இது வரும் ஆண்களில் 100க்கு ஏறத்தாழ 15 முதல் 30 பேருக்கு விதை வீங்குகிறது. அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அந்த விதை ஓரளவு சுருங்கிவிடுகிறது. பெரும்பாலும் ஒரு பக்கமே பாதிக்கப்படுவதால் முழு மலட்டுத்தன்மை அரிது. அரசு போடும் எம்.ஆர். ஊசியில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டுமே பாதுகாப்பு. பொன்னுக்கு வீங்கியையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியைத் தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டியிருக்கிறது. அரசு இதையும் இலவசமாகத் தர வேண்டும்.

கன்னம் வீங்கிய ஒரு வாரத்தையொட்டி விதையில் வலி தொடங்கும். பையன்கள் இதை அம்மாவிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள். அப்பாவோ மாமாவோ தனியே அழைத்துக் கேட்க வேண்டும். கன்னத்தில் வீக்கமே இல்லாமல் விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாகவும் இருக்கலாம். அப்படியென்றால் வலி தொடங்கி ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். இரவு எந்நேரமானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு, நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கானாலும் சரி, உடனே வண்டியை எடுத்துவிடுங்கள்.