எந்த வீடுகளைச் சேர்த்து எண்ணினீர்கள்?

'எண்கள் பொய் சொல்லாது' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு ஃபிளின்ட் நகரம்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பாதிக்கு மேல் கறுப்பின மக்கள் வாழும் ஏழை ஊர். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கிறோம் என்று ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரைக் குடிநீராகத் திருப்பிவிட்டார்கள். குழாய் அரிக்காமலிருக்கக் கலக்க வேண்டிய மருந்தைக் கலக்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கியது.

சரி, சோதிக்கவே இல்லையா? சோதித்தார்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேலான மாதிரிகளில் ஈயம் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் மக்களுக்குச் சொல்லியாக வேண்டும், இதுதான் அப்போதைய விதி. 2015இல் எடுத்த 71 மாதிரிகளில் ஈயம் அதிகமிருந்த இரண்டை, விதிப்படி செல்லாது என்று நீக்கினார்கள். அதில் ஒன்றின் அளவு 104! மிச்சம் 69. ஊர் 'பாஸ்' ஆகிவிட்டது.

குழந்தைகளின் ரத்தப் பரிசோதனைக் கணக்கு இதைவிட மோசம். மாநில அரசு பின்கோடு வாரியாகப் பார்த்துவிட்டுப் பெரிய மாற்றமில்லை என்றது. ஆனால் ஃபிளின்ட் பின்கோடு உள்ள வீடுகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்கு அந்தத் தண்ணீரே போகவில்லை. குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷாவின் குழு முகவரி முகவரியாகப் பிரித்துப் பார்த்தது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ரத்தத்தில் ஈயம் மிகுந்தவர்கள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தார்கள். தண்ணீர் மிக மோசமாக இருந்த வார்டுகளில் 4லிருந்து 10.6. அப்போதும் அதிகாரிகள் முதலில் மறுக்கத்தான் செய்தார்கள்.

அதனால்தான் சிறுபான்மையினர் பகுதிகளுக்கு மாவட்ட சராசரியைக் காட்டி 'எல்லாம் நார்மல்' என்பதை நான் ஏற்பதில்லை. தெரு அளவில் கேட்டால், ஆட்கள் குறைவு, இந்த எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பார்கள். (புள்ளியியல்படி அது பல நேரம் உண்மையும்கூட.) அப்படியானால் இன்னும் நாலு வருடத் தரவைச் சேருங்கள், பக்கத்துத் தெருவையும் சோதியுங்கள். அதைச் செய்யாமல் கோப்பை மூடுவதில்தான் எனக்குக் கோபம்.

ஆனால் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்கவில்லை. 1979இல் ஹூஸ்டனில் சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்டு குப்பைக்கிடங்குகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கணக்கெடுத்தார். மக்கள்தொகையில் கால்வாசிதான் கறுப்பினத்தவர். மாநகராட்சியின் ஐந்து கிடங்குகளும் அவர்கள் குடியிருப்புகளில்தான் இருந்தன. ஐந்துக்கு ஐந்து! அங்கே வரவிருந்த இன்னொரு புதுக் கிடங்கை எதிர்த்துக் குடியிருப்பவர்கள் போட்ட வழக்கில் இந்தக் கணக்கைக் காட்டினார்கள். நீதிமன்றமோ பாகுபாடு காட்டும் நோக்கத்தை நிரூபிக்கச் சொன்னது. வழக்கு தோற்றது, அந்தக் கிடங்கும் அங்கேயே வந்தது.