ரூஃபஸ் இருந்தாலும் கோர் 2 டுயோவில் புதிய விண்டோஸ் 11 ஏறாது

"ரூஃபஸில் (விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் தயாரிக்கும் மென்பொருள்) டிபிஎம் (பாதுகாப்பு சிப்) செக்கை நீக்கிவிட்டால் எந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் 11 போடலாம்" என்று சிலர் சொல்வது தவறு. இதை நம்பி யாரும் ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிட வேண்டாம்.

ரூஃபஸ் நீக்குவது டிபிஎம், செக்யூர் பூட், ரேம் ஆகியவற்றை இன்ஸ்டாலர் சரிபார்க்கும் படிகளை மட்டும்தான். ஆனால் 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ4.2, பாப்சிஎன்டி ஆகிய கணக்கீட்டுக் கட்டளைகள் பிராசஸரிலேயே இருக்க வேண்டும். விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலே அவற்றைப் பயன்படுத்துகிறது. எந்த ரெஜிஸ்ட்ரி மாற்றமும் இதற்கு உதவாது. கோர் 2 டுயோ என்ற பழைய இன்டெல் பிராசஸரில் அவை கிடையாது. அதனால்தான் கம்ப்யூட்டர் விண்டோஸ் லோகோவிலேயே நின்றுபோகிறது, அல்லது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. பென்டிரைவ் மேல் பழி போட்டு மறுபடி மறுபடி எழுதிப் பயனில்லை.

முதலில் பிராசஸர் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து "இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்" வரியைப் பாருங்கள். இ8400 போன்ற கோர் 2 டுயோக்களில் அது எஸ்எஸ்இ4.1 உடன் நின்றுவிடும். முதல் தலைமுறை ஐ5, ஐ7 என்றால் 4.2 இருக்கும், அங்கே ரூஃபஸ் வழி பலிக்கும், ஆனால் மைக்ரோசாஃப்ட் ஆதரவு தராத நிறுவல் அது. யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய துவக்க முறை) இல்லாத பழைய மதர்போர்டு என்றால் ரூஃபஸில் பார்ட்டிஷன் முறையாக ஜிபிடிக்குப் பதிலாக எம்பிஆர் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

24எச்2வுக்கு முந்தைய 23எச்2 பதிப்பைப் போடலாமே என்பவர்களுக்கு: அதன் ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கான பாதுகாப்பு அப்டேட் 2025 நவம்பரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் நின்றது. கோர் 2 டுயோ 64 பிட் பிராசஸர்தான் என்பதால், 4 ஜிபி ரேமும் ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் போட்டு இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவுங்கள். நிறுவுமுன் லைவ் முறையில் (பென்டிரைவிலிருந்தே) ஓட்டி வைஃபை வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.