ஜோர்டானை யாரும் துரத்தவில்லை

பரீட்சை முடிவு வந்தால் போதும், யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் ஒருவரைப் பற்றி இந்தச் செய்தி சுற்றும்: "விளையாடத் தெரியாதென்று மைக்கேல் ஜோர்டானைப் பள்ளி அணியிலிருந்து துரத்தினார்கள், எந்தக் கல்லூரியும் எடுக்கவில்லை." முதல் பாதி திரிப்பு, மற்றப் பாதி முழுப் பொய்.

1978இல் அவர் வில்மிங்டன் நகரத்து லேனி பாடசாலையில் பத்தாம் வகுப்புப் பெடியன். மூத்தோர் அணிப் பட்டியலில் பெயர் இல்லை, அது சரி. வீட்டுக்குப் போய் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாராம். ஆனால் இளையோர் அணியில் போட்டார்கள். எங்கள் ஊர்க் கணக்கில், "19 வயதுப் பிரிவில் இடமில்லை, 17இல் ஆடு" என்பது மாதிரி. அந்த வயதில் மேலே போனவர் அவருடைய நண்பன் லீராய் ஸ்மித். காரணம் உயரம், ஏறத்தாழ ஆறரை அடி. கூடைக்குக் கீழே நின்று பந்து பறிக்க அப்படி ஓர் ஆள் தேவைப்பட்டது. கூடைப்பந்துக் கோர்ட்டில் இடிபட்டவர்களுக்கு இது விளங்கும். ஜோர்டானோ இளையோர் அணியில் சில ஆட்டங்களில் 40 புள்ளி அடித்தார்.

கல்லூரியா? வட கரோலைனா பல்கலைக்கழகம் புலமைப்பரிசில் கொடுத்தே எடுத்தது. 1982 அமெரிக்கக் கல்லூரி அணிகளின் இறுதியாட்டத்தில் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக வெற்றிப் பந்தைப் போட்டவர் அந்த முதல் வருட மாணவர்தான்: 63–62. அப்புறம் 1984இல், தொழில்முறை அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தெரிவு செய்தபோது, சிகாகோ புல்ஸ் அணி அவரை மூன்றாவது தெரிவாக எடுத்துக்கொண்டது.