பேச வந்தவரை விரட்டிவிட்டு யாரிடம் கேட்கப் போகிறோம்?

மூன்று நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும், சென்னை வெள்ளத்தைப் பற்றி ஒரு பேராசிரியர் பாட்காஸ்ட்டில் பேசியதிலிருந்து வெட்டி எடுத்த அந்த நாற்பது விநாடி வீடியோதான். எங்கள் மடிப்பாக்கம் தெருக் குழுவில் மட்டும் நான்கு பேர் போட்டுவிட்டார்கள். அதில் இரண்டு பேர் 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் மொட்டை மாடியில் எங்களோடு இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இந்த வருஷம் வேளச்சேரியில தண்ணி நிக்குமா மேடம்?" என்று பேட்டி எடுப்பவர் கேட்கிறார். "அதை இப்பவே சொல்ல முடியாது" என்கிறார் பேராசிரியர். அங்கேயே வெட்டிவிட்டார்கள். பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம், அடியில் "இதுக்கா சம்பளம்?" என்று ஒரு வரி. அப்புறம் அந்த அம்மாவின் முகத்தை வைத்து வந்த படங்களைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

அந்த பாட்காஸ்ட்டை நான் முழுவதும் கேட்டேன். ஒரு மணி இருபது நிமிடம். கடையில் ஸ்பைரல் போட்டுக்கொண்டே இரண்டு தடவையாகக் கேட்டு முடித்தேன். "சொல்ல முடியாது" என்றதும் அவர் நிறுத்தவில்லை. ஏன் முடியாது என்று ஒன்பது நிமிடம் பொறுமையாகச் சொல்கிறார். வங்கக் கடலில் உருவாகிற தாழ்வு மண்டலம் கொஞ்சம் வடக்கே விலகினால் மழை நெல்லூருக்கு, தெற்கே விலகினால் கடலூருக்கு. மிக்ஜாம் புயல் 2023 டிசம்பரில் கரை ஏறியது ஆந்திராவில் பாபட்லா பக்கம். மூழ்கியது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும். 2015-இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதே, அதை மாதக் கணக்கில் முன்னாலேயே யாராவது சொல்லியிருக்க முடியுமா?

அதற்கு அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். "எப்போன்னு சொல்ல முடியாது. எங்கே நிக்கும்னு சொல்ல முடியும்." சொல்லவும் செய்தார், இடம் இடமாக. சுமார் 250 சதுர கிலோமீட்டரில் விழுகிற மழை ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற வாய்க்கால் வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு பக்கம் கடலில் கலக்க வேண்டும். பல ஆயிரம் ஹெக்டேராகப் பரந்து கிடந்த கழுவெளியில், அதாவது அந்தச் சதுப்பில், இன்று மிச்சம் இருப்பது ஒரு துண்டு. அந்தத் துண்டை ஒட்டிப் பெருங்குடி குப்பைக் கிடங்கு. 2022-இல், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் பட்டியலில் சேர்த்துவிட்டால் மடுவு அகலமாகிவிடாது என்று அவர் சொன்னபோது நான் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டேன்.

இதில் எதையும் அந்த நாற்பது விநாடியில் போடவில்லை. ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணியில் என் டிடிபி கடைக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சென்னைப் பல்கலைக்கழகம் நடந்தே போகிற தூரம். பேஜ்மேக்கர் மென்பொருள் காலத்தில் இருந்து ஆராய்ச்சி மாணவர்களுக்கு தீசிஸ் டைப் அடித்துக் கொடுக்கிறேன். சினாப்சிஸ், அத்தியாயம், அட்டவணை, திருத்தம், மறுபடி திருத்தம், கடைசியில் கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, ஐந்து காப்பி. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்ததும் ஸ்காலர் ஸ்வீட் பாக்ஸோடு வருவார். அதோடு அந்தப் புத்தகம் நூலக அலமாரிக்குப் போய்விடும். அதன்பிறகு அதை யார் திறப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

2004-இல் ஒரு பையன் வந்தான். கிண்டி வளாகத்தில் மண், நிலத்தடி நீர் பற்றி ஆராய்ச்சி. தென்சென்னை முழுவதையும் வரைபடமாகப் போட்டு வைத்திருந்தான். பழைய சர்வே வரைபடம் ஒரு பக்கம், செயற்கைக்கோள் படம் ஒரு பக்கம். நீர் தேங்கும் பகுதிகளுக்கு நீலக் கோடுகள். அச்சில் அந்த நீலம் சரியாக விழவில்லை என்று மூன்று முறை மாற்றி எடுத்தோம். மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நன்மங்கலம் என்று ஊர்ப் பெயர்களையெல்லாம் நானே என் கையால் அடித்தேன். ஆங்கிலத்தில்.

2006-இல் நாங்கள் மடிப்பாக்கத்தில் மனை வாங்கினோம். என் நகையும் அவருடைய பி.எஃப். பணமும். மனை விற்றவர் "இங்க தண்ணி பிரச்சனையே இல்லம்மா, அடி பம்ப்லயே வரும்" என்றார். வரத்தான் செய்தது. 2015-இல் இடுப்பு வரைக்கும் வந்தது. மாமியாரை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். இரண்டாவது ராத்திரி, இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது, திடீரென்று அந்த நீலக் கோடுகள் ஞாபகம் வந்தன. எங்கள் தெரு அந்தக் கோட்டுக்குள்தான் இருந்தது. எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தது நான். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை. அந்தப் பையனுக்குச் சொல்ல ஒரு இடமும் இல்லை. அவன் சொல்ல வேண்டியதைக் கைடுக்கும் இரண்டு தேர்வாளர்களுக்கும் சொல்லிவிட்டான், பட்டம் கிடைத்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள். ஒரு பேராசிரியர் தானாக வந்து, ஒரு பைசா வாங்காமல், நம் தமிழில், நம் தெருவின் பெயரைச் சொல்லி, "இங்கே தண்ணீர் நிற்கும்" என்று பேசுகிறார். அவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்.

அந்தக் காலத்தில் இப்படி இல்லை. என் அப்பா கும்பகோணம் பக்கத்துக்காரர். 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தபோது திருச்சி வானொலியில் அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே ஊர் ஊராகப் பரவியதாம். ஜனங்கள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்தார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது வயலுக்கு வந்தது ஒரு குரல் வழியாக. அப்பா அந்தப் பெயரைச் சொல்லும்போதே ஒரு பெருமை தெரியும். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதியாகக் கொண்டுவந்தாரே, 1954-இல் தொடங்கி 1968 வரைக்கும், அதில் எழுதியவர்கள் யார்? அவரவர் துறையில் படித்தவர்கள், பேராசிரியர்கள், மருத்துவர்கள். தமிழில் எழுத உட்கார்ந்தார்கள். பாரதி சாலைப் பழைய புத்தகக் கடையில் அந்தத் தொகுதிகளை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையன் என் கடைக்கு வந்த அதே 2004-இல்தான் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அண்ணா எஃப்.எம். 90.4 தொடங்கியது. நாட்டிலேயே முதல் வளாகச் சமுதாய வானொலி. நல்ல முயற்சி. ஆனால் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி போடவோ நடப்பு அரசியல் பேசவோ விதி இடம் கொடுப்பதில்லை. பாட்காஸ்ட்டுக்கு அந்தக் கட்டு இல்லை. உரிமமும் வேண்டாம், அலைவரிசையும் வேண்டாம். ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசலாம், எந்தத் துறை அனுமதி கொடுத்தது என்றும் பேசலாம். இப்படி ஒரு வசதி கிடைத்திருக்கும்போது, பேச வந்தவரை விரட்டுகிறோமே என்றுதான் வயிறு எரிகிறது.

சரி, எதிர்க் கேள்விகளுக்கு வருகிறேன். கமெண்டில் வரும் என்று தெரியும்.

"அவங்க அந்தக் கட்சி ஆளு." 2015-இல் ஒரு கட்சி ஆட்சி, 2023-இல் வேறு கட்சி ஆட்சி. தண்ணீர் இரண்டு முறையும் என் வீட்டுக்குள் வந்தது. இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

"புகழுக்காகப் பேசுறாங்க." பேசட்டுமே. நடிகர் பேசினால் கேட்கிறோம். ஆன்மிகம் பேசுகிறவர் மூன்று மணி நேரம் பேசினாலும் கேட்கிறோம். இருபது வருஷம் ஒரே விஷயத்தைப் படித்தவருக்கு அந்த ஆசை இருந்தால் மட்டும் என்ன குற்றம்?

"புரியாத மாதிரி பேசுறாங்க." இதில் நியாயம் இருக்கிறது. சில பேர் ஒரு வாக்கியத்தில் நான்கு ஆங்கிலச் சொல்லைப் போட்டு மூச்சு முட்ட வைக்கிறார்கள். ஆனால் இந்த அம்மா அப்படிப் பேசவில்லை. கழுவெளி என்றார், மடுவு என்றார், கலங்கல் என்றார். எங்கள் மாமியாருக்கே புரிந்தது.

"படிச்சவங்கதானே சதுப்பு நிலத்துல கட்டடம் கட்டினாங்க?" ஆமாம். பள்ளிக்கரணையில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களே நிற்கின்றன. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தவறை வெளியே சொன்னதும் யாரோ படித்தவர்தானே? அந்தப் பாட்காஸ்ட்டில் இந்த அம்மாவும் அதைச் சொன்னார். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"ஏசி ரூம்ல உட்கார்ந்து பேசுறவங்களுக்கு என்ன தெரியும், மீனவரைக் கேளு." இந்தக் கேள்விதான் என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. ஏனென்றால் இதில் பாதி உண்மை. 2017-இல் எண்ணூர் பக்கம் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது கரையில் நின்று மீனவர்களும் வாளியால் அள்ளினார்கள். மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் முதலில் படகெடுத்து இறங்கியது மீனவர்கள்தான். அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீனவர் சொன்னால் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்தில் கேட்பார்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்பார்கள். அப்போது தண்ணீரை எடுத்துச் சோதித்து எண்ணோடு எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளையும் மீனவரையும் ஏன் எதிரெதிராக நிறுத்துகிறீர்கள்? இதைச் சொல்கிற எத்தனை பேர் எண்ணூர் காட்டுக்குப்பத்துக்குப் போய் ஒரு மீனவரை உட்கார்ந்து கேட்டீர்கள்?

என் அக்கா மகள் போனாள். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். எண்ணூரில் அந்தக் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில்தான் அவளுடைய ஆராய்ச்சி. இரண்டு வருஷம் விடியற்காலை நான்கு மணிக்குப் படகில் ஏறி, சாம்பல் சேற்றில் முட்டி வரைக்கும் இறங்கி மண் எடுத்தாள். காலில் புண் வந்து என் வீட்டில் பத்து நாள் படுத்திருந்தாள். ஏசி ரூம் என்று யாரைச் சொல்கிறீர்கள்? இப்போது ஒரு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மே மாதம் சம்பளம் கிடையாது. அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்பதும் நிச்சயம் கிடையாது. நிரந்தர ஆசிரியர்களுக்கே 1973-ஆம் வருஷத்து அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன, அரசை விமர்சித்துப் பொதுவில் பேசக் கூடாது என்று. அப்படியானால் இவளைப் போன்றவர்கள் எந்தத் தைரியத்தில் வாயைத் திறப்பார்கள்? மேலிருந்து ஒரு பயம். இப்போது கீழிருந்து நாமும் ஒரு பயத்தைக் கொடுத்துவிட்டோம்.

போன மாதம் அவளையும் ஒரு பாட்காஸ்ட்டில் கூப்பிட்டார்கள். எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா! கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பேச வேண்டியதைத் தமிழில் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். அவள் ஆங்கிலத்தில் படித்ததற்கெல்லாம் ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று மீனவர்களுக்கே போன் போட்டுக் கேட்டு எழுதினோம். நான்கு பக்கம் வந்தது. இருபத்தைந்து வருஷத்தில், அடிக்கும்போதே எல்லாம் எனக்குப் புரிந்தது அந்த நான்கு பக்கம்தான்.

நேற்று ராத்திரி போன் செய்தாள். "வரலைன்னு சொல்லிட்டேன் சித்தி. மேடத்துக்கே இந்த கதி. நான் எம்மாத்திரம்?" என்றாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் அந்த வீடியோவின் கீழே வந்த கமெண்டுகளை ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்டினாள். அதில் ஒன்று எங்கள் தெருக்காரர் எழுதியது. 2015-இல் மாமியாரின் நாற்காலியை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தவர்.

அவர் இதைப் படிப்பார் என்று தெரியும். அண்ணா, அந்த ஒரு மணி இருபது நிமிடத்தை உட்கார்ந்து கேளுங்கள். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் நம் தெருவைப் பற்றிச் சொல்கிறார்.