ஓவன் கவிதையை பிரிட்டிஷ் அரசு தடை செய்ததா?

முதல் உலகப் போரில் ஆங்கிலப் போர்வீரக் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனின் 'டுல்சே எட் டெகோரும் எஸ்ட்' என்ற போர் எதிர்ப்புக் கவிதையைப் பதுங்குகுழியில் படித்த பிரிட்டிஷ் வீரர்கள் துப்பாக்கியைக் கீழே போட்டார்களாம், அரசு பயந்துபோய் அதைத் தடை செய்ததாம். இந்த ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். கதை நன்றாகத்தான் இருக்கிறது, உண்மை இல்லை.

ஓவன் அதை எழுதத் தொடங்கியது 1917 அக்டோபரில், எடின்பரோவில் ராணுவ மருத்துவமனையில் இருந்தபோது. 1918 நவம்பர் 4 அன்று போர்முனையில் இறந்தார். கவிதை அச்சில் வந்தது 1920-ல். அச்சிலேயே வராததை எங்கே போய்த் தடை செய்வது? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் உலகப் போர்க் கவிதை இணையக் காப்பகத்தில் கையெழுத்துப் பிரதியையே பார்க்கலாம்.

சரி, அப்போது வீரர்கள் கவிதை பக்கமே போகவில்லையா? போனார்கள், அளவுக்கு மீறியே. பெல்ஜியத்தின் ஈப்ர் நகர இடிபாட்டில் கிடைத்த அச்சு இயந்திரத்தை வைத்து 1916 பிப்ரவரியில் அவர்களே தொடங்கிய 'வைப்பர்ஸ் டைம்ஸ்' இதழுக்குக் கவிதை வந்து குவிந்ததில் ஆசிரியர் நொந்துபோய், இளம் அதிகாரிகள் ஒரு கையில் நோட்டுப் புத்தகமும் மறு கையில் குண்டுமாக முள்வேலி ஓரம் தன்னை மறந்து உலாவுகிறார்கள் என்று கிண்டலாக அறிவிப்பே போட்டார்.

அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் அதே குரூப்பில் ஒரு வரி திருத்தம் போட்டுவிடுங்கள்.